இரண்டாம் ஓலைக்குப் பிறகு

மாதாகுடிக்காடு
12-1-1947

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை அமலோற்பவமேரி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் உங்கள் மூன்று பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கிறோம். பெரம்பலூர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா, இல்லை, சீசாவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நம் மரிய புஷ்பத்துக்கு வரதராஜன்பேட்டை வரன் முடிந்த மாதிரிதான். மாப்பிள்ளை வாத்தியார் வேலை. அவருடைய தாயார் நேற்று வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குதே?" என்றாள். "நீங்க அழைச்சிக்கிட்டுப் போங்க. எப்ப வாய மூடும்னு கேட்டு எனக்கே காயிதம் போடுவீங்க" என்றேன். சிரித்துவிட்டாள். தபசு காலம் நெருங்குகிறது, அந்த நாற்பது நாள் கல்யாணம் கூடாது, அது முடிந்து பாஸ்குத் திருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.

அண்ணி கண்மூடியபோது புஷ்பத்துக்கு நாலு வயசு. கடைக்குட்டி பிறந்து ஒன்பது நாள். இப்போது புஷ்பத்துக்குக் கல்யாணப் பேச்சு என்றால் எனக்கே நம்ப முடியவில்லை.

புதுச் சாமியார் புஷ்பத்தின் ஞானஸ்நான நகல் கேட்கிறார். கோயில் பெட்டியில் கறையான் ஏறிவிட்டதாம். எழுத்துத் தெரிந்தவர்கள் வந்து தேடிக் கொடுத்தால் நல்லது என்றார். நான் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்று எழுந்து நின்றேன். கோயில்பிள்ளை சாமிக்கண்ணு பெட்டியைத் திறந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகள் உங்களுக்குத் தோத்திரம் சொல்கிறார்கள்.

அன்புள்ள தங்கை
அமலோற்பவமேரி


பெரம்பலூர்
21-1-1947

அன்பு மிகுந்த தங்கை அமலோற்பவத்துக்கு, அண்ணன் சவரியார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம். கண் முன்போலத்தான் இருக்கிறது. நம் எல்லோருடைய சுகத்துக்காகவும் தினமும் மாதாவை மன்றாடுகிறேன்.

புஷ்பத்தின் வரன் சேதி படித்து ஆனந்தக் கண்ணீர் விட்டேன். எல்லாம் உன் பாடு. பெற்றவள் இருந்தாலும் இப்படிச் செய்திருக்க மாட்டாள்.

ஒரு விஷயம். கோயில் பெட்டியை நீ திறக்க வேண்டாம். பெரம்பலூருக்கு மாற்றுவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அங்கே உபதேசியாராக இருந்து அந்தக் கட்டுகளை வருஷம் வருஷமாகக் கட்டி வைத்தவன் நான். எது எங்கே என்று எனக்குத்தான் தெரியும். தூசு வேறு, உனக்கு இருமல் வரும். பாஸ்குக்கு நான் வரும்போது நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். சாமியாரிடம் அப்படியே சொல்லிவிடு. சாமிக்கண்ணுவிடமும் சொல்லிவிடு.

அன்புள்ள அண்ணன்
சவரியார்


மாதாகுடிக்காடு
2-2-1947

அன்புள்ள அண்ணனுக்கு அமலோற்பவம் எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம். இருமலும் வரவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்குள் பெட்டியைத் திறந்தாயிற்று. புஷ்பத்தின் பெயர் இருக்கிற பக்கம் தப்பித்திருக்கிறது, கறையான் ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது. சாமியார் நகல் எழுதிவிட்டார்.

கை சும்மா இருக்குமா? 1912-ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்து என் பெயரையும் பார்த்தேன். ஐயோ அண்ணே, அப்படியே எழுதியிருக்கிறது! "மரண ஆபத்தில் மரியசூசை என்னும் சிறுவன் தண்ணீர் வார்த்தான்" என்று. எத்தனை தடவை கேட்ட கதை! ஊரெல்லாம் பேதி, அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறாள், நீங்கள் சாமியாரை அழைத்துவர ஓடியிருக்கிறீர்கள். மருத்துவச்சி வீராயி என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, "புள்ள நீலம் பாரிச்சிப் போச்சே, யாராச்சும் ஒங்க சாமி தண்ணிய ஊத்துங்களேன்" என்று கத்தினாளாம். தெருவில் இருந்தது எட்டு வயசு மரியசூசை மட்டும். புதுநன்மைக்கு மந்திரம் படித்துக்கொண்டிருந்ததால் ஞானஸ்நான வாசகம் மனப்பாடம். ஒரு கை நீர் போதும், அவன் சொம்பையே கவிழ்த்துவிட்டானாம். அந்தக் குளிரில்தான் நான் வீறிட்டுப் பிழைத்தேன் என்று அம்மா சொல்லும்.

ஊரே கேலி செய்யும், "சூச, நீ ஞானஸ்நானம் குடுத்த பொண்ண நீயே கட்டிக்கடா" என்று. அவர் வளர்ந்து நிஜமாகவே கேட்டார். எனக்கும் அவர்தான் என்று இருந்தது. இதை இப்போது எழுத எனக்கு வெட்கமில்லை, முப்பத்தைந்து வயசாகிறது.

1932-இல் நம் கோயிலில் எங்கள் பெயர்களைச் சொல்லி முதல் கல்யாண ஓலை படித்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. மூன்றாம் ஓலையும் படித்தால்தான் கல்யாணம், அதைப் படிக்கவில்லை. தண்ணீர் வார்த்தவருக்கும் வாங்கினவளுக்கும் ஞான உறவு, தகப்பன் மகள் மாதிரி, கட்டக்கூடாது என்றார்கள். சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மேற்றிராணியார் மனம் வைத்தால் விலக்கு உத்தரவு தரலாம் என்று அவருக்கு எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து நீங்கள் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று, "முடியாதுன்னு எழுதிட்டாங்க அமலோற்பவம்" என்றீர்கள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். எழுந்து நிற்கக்கூட இல்லை.

அந்த வருஷத்துக் கல்யாணக் கட்டு, சிவப்பு நாடா போட்டு உங்கள் முடிச்சோடு அப்படியே இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. மேற்றிராணியார் என்ன எழுதினார் என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க ஆசை. பார்க்கட்டுமா?

தங்கை
அமலோற்பவமேரி


பெரம்பலூர்
6-2-1947

தங்கைக்கு ஆசீர்வாதம். நலம், நலம் அறிய ஆசை. கண் வலியால் கார்டு மட்டும் எழுதுகிறேன். செத்துப்போன காகிதத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? அவரும் கல்யாணம் கட்டிக் குழந்தை குட்டியோடு இருக்கிறார். கல்யாண வேலையைக் கவனி. கட்டைப் பிரிக்காதே. முறுக்குக்கு அரிசி ஊறவைக்கும்போது சொல்லி அனுப்பு, இங்கே நல்ல எள் கிடைக்கிறது.

சவரியார்


மாதாகுடிக்காடு
16-2-1947

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே எல்லோரும் சுகம். நம் பெரியவன் பாக்கியராஜ் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான், ஆறிவிட்டது.

கட்டைப் பிரித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கார்டு வராமல் இருந்திருந்தால் பிரித்திருக்க மாட்டேனோ என்னவோ. எள்ளைப் பற்றி எழுதியிருந்தீர்கள், நான் கேட்டதைப் பற்றி எழுதவில்லை.

கட்டில் மேற்றிராணியார் முத்திரை போட்ட காகிதம் ஒன்று இருந்தது. முழுக்க லத்தீன். சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருடையது என்று அவருக்குத் தெரியாது, ஊரில் என் பெயர் பத்துப் பேருக்கு இருக்கிறது, உரக்கப் படித்தே சொன்னார். 1932, ஜூன் 21. மரியசூசைக்கும் அமலோற்பவமேரிக்கும் இருக்கிற ஞான உறவின் தடையை நீக்கியிருக்கிறோம், தாராளமாகக் கல்யாணம் நடத்தலாம். "நல்ல காரியந்தான், அப்புறம் நடந்துச்சாம்மா?" என்று கேட்டார். அடுப்பில் சோறு இருக்கிறது சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணே, உத்தரவு கிடைத்திருக்கிறது. முடியாது என்று யாரும் எழுதவில்லை.

அப்போதிருந்த சாமியார் உங்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டாரா? அவர் ஊருக்குப் புதிது, தமிழும் சரியாக வராது. உங்களிடம் காகிதத்தையே காட்டவில்லையா? அப்படித்தான் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், நம்பிவிடுகிறேன். என்னைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். உங்கள் வார்த்தை எனக்குப் போதும்.

அமலோற்பவம்


பெரம்பலூர்
3-3-1947

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம். தபசு காலத்தில் உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு சந்தி விரதம் இருந்தது போதும்.

உன் கடிதம் கண்டு நானும் திடுக்கிட்டேன். நீ நினைப்பதுதான் சரி. அந்தச் சாமியார் என்னிடம் முடியாது என்றுதான் சொன்னார். காகிதத்தைக் காட்டவில்லை. மறதியோ, வேறு ஊர்ப் பெயரோடு குழப்பிக்கொண்டாரோ தெரியாது. அவர் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. செத்தவரைக் குற்றம் சொல்லக்கூடாது. அவர் ஆத்துமத்துக்காக ஒரு பூசை சொல்ல வைப்போம். சர்வேசுரன் சித்தம் என்று ஏற்றுக்கொள்வதுதான் நமக்கு அழகு.

புஷ்பத்துக்குக் கூறைப்புடவை எடுத்தாயிற்றா?

அன்புள்ள
சவரியார்


மாதாகுடிக்காடு
9-3-1947

சவரியார் அண்ணனுக்கு.

காகிதத்துக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு. போன கடிதம் எழுதும்போதே அதைப் படித்திருந்தேன். நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கத்தான் எழுதவில்லை. பார்த்துவிட்டேன்.

பின்பக்கம் தமிழ். உன் கையெழுத்து. எத்தனை பேருக்கு ஞானோபதேசம் எழுதிக் கொடுத்த கை, எனக்குத் தெரியாதா? "மேற்படி உத்தரவு வந்தும், பெண்ணுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனம் இல்லாதபடியாலும், சபை முன் வர வெட்கப்படுகிறபடியாலும், கலியாணம் நிறுத்தப்பட்டது. மாப்பிள்ளைக்கும் அறிவிக்கப்பட்டது. சாட்சி: தமையன் சவரியார்." உன் கையெழுத்து, சாமியார் கையெழுத்து. கீழே "பெண்ணின் கைநாட்டு" என்று எழுதி ஒரு மைரேகை.

எனக்கா மனம் இல்லை? எனக்கா? அடப் பாவி, இரண்டாம் ஓலை படித்த அன்று கோயிலை விட்டு வெளியே வந்து நான் எப்படிச் சிரித்தேன் என்று நீ பார்க்கவில்லையா? செத்துப்போன ஒரு சாமியார் மேல் பழியைப் போட்டு, அவருக்கே பூசை சொல்ல வைக்கலாம் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

நான் கைநாட்டு வைக்கிறவளா? என் பெயரை ஏழு வயசிலிருந்து எழுதுகிறேன்.

அந்த ரேகை என்னுடையது இல்லை. உன்னுடையதும் இல்லை. என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், என் விரலில் பாதிகூட இல்லை. ஒரு குழந்தையின் விரல். வீட்டில் அன்றைக்கு விரலைப் பிடித்து வைக்கிற வயசில் யார் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை நீயே எழுது. உன் கையால் எழுது.

அமலோற்பவமேரி


மாதாகுடிக்காடு
30-3-1947

அண்ணனுக்கு. மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவைக்கிறேன். இங்கே பிள்ளைகள் சுகம்.

செவ்வாய்க்கிழமை கல்யாணச் சாமான் வாங்க அரியலூர் டவுனுக்குப் போனேன். திரும்பும்போது ஸ்டேஷனுக்குப் போய் மரியசூசையைப் பார்த்தேன். அங்கே ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை என்று உனக்குத்தான் தெரியுமே. தலை பாதி நரைத்துவிட்டது. இத்தனை வருஷம் மாதா திருநாளில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். கோயில் சட்டத்துக்குப் பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு மடச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

"நான் வேண்டாம்னு சொல்லல. ஒங்களுக்கு அப்படித்தான் சொன்னாங்கன்னு எனக்குப் போன மாசந்தான் தெரியும்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை.

அவர் கையில் இருந்த கொடியைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "ஒங்கண்ணன் வந்து சொன்னப்ப நம்பல. சாமியாரு அந்தக் கைநாட்டக் காட்டுனாரு. ஒனக்கு எழுதத் தெரியும்னு அந்த நேரத்துல எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பதினஞ்சு வருசமா ஓம் மேல கோவமா இருந்தேன். இனி அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது அமலோற்பவம்?" என்றார். அதற்குள் அவருடைய மகள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தது. அவருக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

கல்யாணம் ஏப்ரல் 28. நீ வர வேண்டும், பெண்ணுக்குத் தகப்பன் நீதான். புஷ்பத்திடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் எனக்குப் பதில் வேண்டும்.

அமலோற்பவமேரி


பெரம்பலூர்
8-4-1947

என் தங்கை அமலோற்பவத்துக்கு, உன்னை ஆசீர்வதிக்கத் தகுதியில்லாத சவரியார் எழுதுவது. பாஸ்குத் திருநாளன்று உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன்.

அந்த விரல் புஷ்பத்தினுடையது.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். உன் அண்ணி போய் நாலு மாதம். நீ சங்கில் புகட்டாவிட்டால் கைக்குழந்தை பால் குடிக்காது. புஷ்பம் நீ கிணற்றடிக்குப் போனால்கூட அழும். உனக்கு ஓலை படித்த இரண்டு ஞாயிறும் எனக்கு ஒரே நினைப்புத்தான். நீ போய்விட்டால் மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? ஞான உறவுத் தடை இருக்கிறது என்று சாமியாரிடம் சொன்னவனும் நான்தான். உபதேசியின் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேற்றிராணியார் மறுத்துவிடுவார் என்று நம்பினேன். உத்தரவு வந்துவிட்டது.

ஒரு வருஷம் மட்டும் தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தேன். குழந்தை நடக்கட்டும், அப்புறம் ஏதாவது சொல்லி உங்களைச் சேர்த்துவைக்கலாம் என்று. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் மரியசூசை அரியலூரில் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டார்.

சாமியார் உன்னை நேரில் கேட்க வேண்டும் என்றார். வெட்கப்படுகிறாள், கைநாட்டு வாங்கிவருகிறேன் என்றேன். உனக்கு எழுதத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து என் விரலில் மையைத் தடவினேன். வைக்க முடியவில்லை. என் விரலை உன்னுடையது என்று வைத்தால் அது பொய்ச் சாட்சி, சாவான பாவம். ஏழு வயசுக்குள் இருக்கிற பிள்ளைக்குப் புத்தி விவரம் இல்லை, பாவம் ஒட்டாது என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவன். புஷ்பத்தைக் கூப்பிட்டேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே விரலை நீட்டிற்று.

அந்தக் காகிதத்தை எரித்திருக்கலாம். பெரம்பலூருக்குக் கிளம்பிய அன்று அடுப்புவரை கொண்டுபோனேன். மேற்றிராணியார் முத்திரை இருந்தது. முத்திரையை நெருப்பில் போட என் கை வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துக் கட்டினேன்.

பதினான்கு வருஷத்துக்கு முன் திருச்சியில், என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அபராதமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். மன்னிப்பு வாங்கினவன்தான், ஆனாலும் உன் கடிதங்கள் வந்த பிறகு பூசையில் நற்கருணை நன்மை வாங்கப் போக முடியவில்லை. கல்யாணத்தன்று என் மகளுக்காக நான் நன்மை வாங்க வேண்டும். அதற்குள் மன்னித்தேன் என்று ஒரே ஒரு வரி எழுது. உன் காலில் விழுகிறேன்.

சவரியார்


மாதாகுடிக்காடு
12-5-1947

அண்ணனுக்கு அமலோற்பவமேரி எழுதுவது. நான் சுகம். புஷ்பம் மறுவீடு வந்து போயிற்று. மாமியாரிடம் இப்போதே வாயடிக்கிறதாம், கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணத்தன்று நீ ஒரு வரிக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நன்மை வாங்க எல்லோரும் எழுந்தபோது நீ எழுந்திருக்கவில்லை. ஜனங்கள் பார்த்தார்கள், கண் தெரியவில்லை போல என்று பேசிக்கொண்டார்கள். பந்தியில் நீ பக்கத்தில் வந்தாய், நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றுதான் போனேன்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாதே என்று நீ அன்றைக்குக் கேட்டிருந்தால் இருந்திருப்பேன் அண்ணே. ஒரு வருஷம் பொறுங்கள் என்று மரியசூசையிடம் நானே போய்ச் சொல்லியிருப்பேன். அவரும் பொறுத்திருப்பார். உனக்கு அது தோன்றவில்லை. பொய்ச் சாட்சிக்குப் பயந்தாய், முத்திரைக்குப் பயந்தாய், நாலு வயசுப் பிள்ளைக்குப் பாவம் ஒட்டுமா என்று கணக்குப் பார்த்தாய். எனக்கு என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை.

பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றும் என் பிள்ளைகள். அதைக் கொடுத்தது நீ என்று மட்டும் நினைத்துவிடாதே.

பையன்கள் இருவரையும் பள்ளிக்கூட லீவு முடிந்ததும் பெரம்பலூருக்கு அனுப்புகிறேன். பெரியவனுக்குப் பதினேழு வயசு, சின்னவனுக்குப் பதினைந்து. இனி அவர்களுக்கு நீ சோறு போடு. சின்னவனுக்குப் புளி ஆகாது. மடத்துப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கன்னியர் மடத்துத் தாயார் சொல்லி அனுப்பினார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சாமிக்கண்ணுவிடம் கொடுக்கிறேன்.

மன்னித்தேன் என்று ஒரு வரி கேட்டிருக்கிறாய். திருச்சியில் முகம் தெரியாதவரிடம் மன்னிப்பு வாங்க உனக்கு ஒரு வருஷம்தான் பிடித்தது. என்னிடம் கேட்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று, அதுவும் நான் கட்டைப் பிரித்த பிறகு. யோசிக்க எனக்கும் அத்தனை வருஷம் வேண்டும். 1962-இல் பாஸ்கு கழித்து எனக்கு ஒரு கார்டு போட்டுக் கேள். அப்போது எனக்கு ஐம்பது, உனக்கு அறுபத்திரண்டு. இருவரும் உயிரோடு இருந்தால் பதில் எழுதுகிறேன்.

உன் உடன்பிறந்தவள்
அமலோற்பவமேரி